சூரியரதமும் கிழமை விளைவும்

"கீங்... கீங்... கீங்..."

செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு அந்தச் சத்தம் கிளம்பியதும் கருங்குழி ஏரிக்கரைத் தெருவில் எல்லோரும் தத்தம் வேலையை நிறுத்தினார்கள். எதிர் வீட்டு ஆடுகள்கூட அசைபோடுவதை விட்டுவிட்டு மோகன் வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தன. பயந்து அல்ல. ஐந்து மாதமாக வாரத்தில் ஐந்து நாள் தவறாமல் கேட்கிற சத்தம் அது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெருவில் இரண்டு வீடுகளில் உலை வைக்கிறார்கள்.

மனிதகுலம் நெருப்பைக் கண்டது. சக்கரத்தைக் கண்டது. அதற்கு அடுத்தபடியாக உலகில் நடந்த பெரிய காரியம், மோகன் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி அதற்குள் 'ஓய்வு பேட்டரி' பொருத்தியதுதான். இதை மிகை என்று நினைப்பவர்கள் மோகனிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் எழுந்து வர முடியாது என்பது வேறு விஷயம்.

விவரம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வண்டியிலும் ஒரு பேட்டரி இருக்கிறது. காலையில் இன்ஜினைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. பாவம், உழைக்கிற பேட்டரி. மோகன் பொருத்தியது அது அல்ல, அதற்கு மேற்பட்டது. வண்டி நின்ற பிறகு உள்ளே விளக்கு, விசிறி, குட்டி ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாவற்றையும் ஓட்டுவதற்கென்றே தனியாக ஒன்று. கூரைமேல் சூரியத் தகடு, அதிலிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து 'சுதந்திரம்'. வெளிநாட்டார் இதற்கு ஓய்வு பேட்டரி என்று பெயர் வைத்திருந்தார்கள். கருங்குழிக்கு வந்த பிறகு அது பெயருக்கு ஏற்ப நடந்துகொண்டது.

மோகனுக்கு வயது முப்பத்து நான்கு. செங்கல்பட்டுக்கு அப்பால் கண்ணாடி போட்ட ஒரு கம்பெனியில் 'நடைமுறை மேம்பாட்டுப் பிரிவில்' இருந்தான். கூட்டங்களைக் குறைப்பது எப்படி என்பதுபற்றி வாரத்துக்குப் பதினோரு கூட்டம் நடத்துகிற பிரிவு அது. காலை ஏழரைக்கு ரயில் பிடிக்க ஓடுவான், மாலை ஏழரைக்குத் திரும்புவான். சனிக்கிழமை பட்டணம் போய் ரிச்சி தெருவில் ஒயரும் ஃபியூஸும் வாங்குவான். ஆகவே, கருங்குழியிலும் சூரியன் உதிக்கிறது என்ற தகவல் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் கிடைத்துவந்தது.

அப்படிப்பட்டவன் ஒருநாள் ரயிலில் நின்றபடியே ஒரு வீடியோ பார்த்தான். பனிமலை. ஒரு வேன். வேன் வாசலில் ஒரு பெண் காப்பி குடிக்கிறாள். அவள் புருஷன் மடியில் லேப்டாப். வேறு ஒன்றும் நடக்கவில்லை. மோகன் மறைமலைநகரில் ஏறிய கூட்டத்தின் நடுவே, யாருடைய முழங்கையோ விலாவில் குத்த, கண் கலங்கினான்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜெயப்பிரியாவிடம் காட்டினான்.

"காப்பி குடிக்கிறா. அவ்ளோதான? இங்கயே போட்டுத் தர்றேன், வாசல்ல வந்து குடி" என்றாள் ஜெயப்பிரியா.

"உனக்குக் கல்யாணத்தப்பவே சொன்னேன்ல, மகாபலிபுரம் பீச்சுக்குக் கூட்டிகினு போறேன்னு."

"அஞ்சு வருசமா சொல்லிகினு கீற. பஸ்ல போயிட்டு வந்துடலாம், வா மாமா."

மோகன் சிரித்தான். ஞானிகள் சிரிப்பார்களே, அப்படி. "பஸ்ல போனா அது பயணம் ஜெயா. நான் சொல்றது வாழ்க்கை."

வாழ்க்கை தை மாதம் வந்து வாசலில் நின்றது. மஞ்சள் பெயின்டைச் சுரண்டி வெள்ளை அடித்து, நெற்றியில் 'சூரியரதம்' என்று எழுதினான். உள்ளே 'கை, தலை வெளியே நீட்டாதீர்' என்ற பழைய எழுத்து மட்டும் எவ்வளவு சுரண்டியும் போகவில்லை.

மின்சார வேலைக்குப் படாளம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்டான்லி வந்தார். லாரி, டிராக்டர், மாதா கோயில் தேர் என்று உருளுகிற எதற்கும் விளக்கு போடுகிறவர். ஆயிரம் பல்பு எரிகிற தேரை நாலு தெரு சுற்ற வைத்து ஒரு பல்புகூட அணையாமல் நிலைக்குக் கொண்டுவந்தவர். பட்டம் எதுவும் வாங்காததால் அவருக்கு மின்சாரத்தைப் பற்றிக் 'கொள்கை' எதுவும் கிடையாது.

"தம்பி, இன்ஜின்லருந்து ஒரு ஒயர் இஸ்து வுட்டுட்டா, வண்டி ஓடும்போதே இதுவும் சார்ஜ் ஏறிக்கும். அரை நாள் வேல" என்றார்.

"டீசல்ல வர்ற கரண்ட்டா? அது சுத்தம் இல்லண்ணா."

"கரண்ட்டுல இன்னா தம்பி சுத்தம்? சூரியன்லருந்து வந்தா குளிச்சிட்டு வருமா?"

"சூரியன் மட்டும்தான். நம்ம கொள்கை அது."

"சரி, வூட்டு பிளக்குலருந்தாவது ஒரு ஒயர். மழ நாள்ல ஒதவும்."

"வூட்டு பிளக்க நம்பி இருந்தா நாம அடிமை இல்லையாண்ணா?"

ஸ்டான்லி ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்தார். அடிமைத்தனத்துக்குள்ளே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

கூரைமேல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகள் ஏறின. அவற்றை வாராவாரம் துடைப்பதற்காக வண்டியின் பின்பக்கம் இரும்பில் ஏணி ஒன்று வைக்கச் சொன்னான் மோகன். நல்ல அகலப் படி, கைப்பிடி வேறு. ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை: 'இது சூரியனின் சொத்து. கை வைக்காதீர்.' உள்ளே பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி. சுவரில் வட்டமாக ஒரு மீட்டர். பேட்டரியில் நூற்றுக்கு எவ்வளவு மிச்சம், சூரியன் எவ்வளவு அனுப்புகிறது என்று இரண்டையும் காட்டும். சார்ஜ் தீரப்போனால் 'கீங்' என்று கத்தும்.

மோகனின் அம்மா வேண்டா கற்பூரத் தட்டோடு வந்தாள். "இதுக்கு எங்கடா பொட்டு வெக்கறது?"

"செவப்பு முனைப் பக்கம் மட்டும் ஈரக் கைய வெச்சிடாதீங்கம்மா" என்றார் ஸ்டான்லி. வேண்டா நடுவில் வைத்தாள். பிறகு சுற்றி வந்து ஏணியை ஆட்டிப் பார்த்தாள். பின் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "ஏணி நல்லா கீது" என்றாள். முழு அமைப்பிலும் அவள் பாராட்டியது அது ஒன்றைத்தான்.

இத்தனையும் எதற்காக? இங்கேதான் ராமானுஜம் வருகிறார்.

ராமானுஜம் மோகனின் மேலதிகாரி. 'எங்கிருந்தும் பணி' என்ற திட்டத்தின் தலைவர். அந்தத் திட்டத்தைப் பற்றி விவாதிக்க எல்லோரும் நேரில் வரவேண்டும் என்பதில் கண்டிப்பானவர். மோகன் ஐந்து மாதம் கெஞ்சி அவரிடம் ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தான். ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி ஆய்வுக் கூட்டத்தில் மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து மோகன் கலந்துகொள்ளலாம். ஒரு மணி நேரம் தொடர்பு அறுபடாமல் இருந்தால், இனி அவன் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். அறுபட்டால், ரிட்டயர் ஆகும்வரை ரயில்.

ஆக, இருபத்து நாலு வருஷ ரயில் அந்த வட்ட மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மீட்டரோ 'கீங்' என்றது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக இருக்கும். சூரியன் கொட்டும், மீட்டர் ஏறும், சாயங்காலம் நூறைத் தொடும். திங்கட்கிழமை மாலை வந்து பார்த்தால் நாற்பது. செவ்வாய்க்கிழமை 'கீங்'. பிறகு சனிவரை 'கீங்'. மறுபடி ஞாயிறு வந்தால் நூறு.

இந்த நிலைமையை ஆராய வண்டிக்குள்ளேயே ஓர் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை: மோகன். தொழில்நுட்ப ஆலோசகர்: ஸ்டான்லி. பார்வையாளர்: ஜெயப்பிரியா, தேநீர்ப் பொறுப்பும் அவளே. வேண்டா கலந்துகொள்ள இயலாததற்கு வருத்தம் தெரிவித்தாள். அடுக்களையில் வடகம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

மோகன் பதினான்கு படங்கள் காட்டி விளக்கினான். அவற்றில் ஒன்பது வட்டமாக, பல நிறத்தில் துண்டு துண்டாக இருந்தன. பதினான்காவது படத்தில் தன் கண்டுபிடிப்பை அறிவித்தான்: 'கிழமை விளைவு'. அதாவது, சூரிய ஒளியின் வீரியம் வார நாட்களில் குறைகிறது, ஞாயிற்றுக்கிழமையில் மீள்கிறது.

ஸ்டான்லி டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். "சூரியனுக்கு ஞாயித்துக்கெழம மட்டும்தான் டூட்டியா தம்பி?"

"நக்கல் பண்ணாதீங்கண்ணா. டேட்டா பேசுது."

"அது பேசட்டும். நான் மேல ஏறி ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்."

"காலைலயே ஏறித் துடைச்சிட்டேன். பளபளன்னு கீது."

"இன்னிக்கி பளபளன்னுதான் இருக்கும். வார நாள்ல?"

"வார நாள்ல நான் எப்படிப் பாக்கறது? வேலைக்குப் போறேனே."

ஜெயப்பிரியா டம்ளர்களை எடுத்தபடி சொன்னாள்: "வூட்ல பகல் பூரா நாங்க ரெண்டு பேர் கீறோம் மாமா."

"இது டெக்னிக்கல் ஜெயா."

ஜெயப்பிரியா வாயை மூடிக்கொண்டாள். சும்மா மூடவில்லை, தட்டிலிருந்த வடகம் ஒன்றை உள்ளே போட்டு மூடினாள். நொறுக்கென்று சத்தம் கேட்டது.

கூட்டத்தில் தடயப் பொருள் ஒன்றும் வைக்கப்பட்டது. காலையில் தகட்டைத் துடைத்தபோது ஓரத்தில் வெள்ளைப் பொடியாக ஏதோ படிந்திருந்தது. மோகன் காகிதத்தில் மடித்து வைத்திருந்தான். "கடற்காத்து உப்புண்ணா. நாப்பது கிலோமீட்டர் தாண்டி இங்க வந்து படியுது. யாரும் இத இதுவரைக்கும் பதிவு பண்ணல."

ஸ்டான்லி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "உப்புதான். ஆனா மோர் வாசன வருது தம்பி."

"கடலோட வாசனண்ணா அது."

"எந்தக் கடலு தம்பி, மோர்ல கீது?"

இறுதியில் நான்கு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, பேட்டரி குற்றமற்றது. இரண்டு, ஸ்டான்லியும் குற்றமற்றவர். மூன்று, உலக வல்லுநர்களின் கருத்தைக் கேட்பது. நான்கு, இந்த வருஷ வடகம் மிக அருமை. எப்போதும் இல்லாத மொறுமொறுப்பு. நான்காவது தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது.

உலக வல்லுநர்கள் காத்திருக்க வைக்கவில்லை. வேனில் வாழ்கிறவர்களின் இணையக் குழுவில் மோகன் கிழமை விளைவை வெளியிட்டதும் இரவோடு இரவாக நாற்பத்து மூன்று பேர் பதில் எழுதினார்கள். ஒரு ஜெர்மானியர் ஈரப்பதம் என்றார். ஓர் ஆஸ்திரேலியர் பாலைவனத் தூசு என்றார். கனடாக்காரர் ஒருவர், சித்திரை மாதத்தில் கருங்குழியில் பனி விழுந்து தகட்டை மூடியிருக்கக்கூடும், விசாரிக்கவும் என்றார். மோகன் மதிப்போடு குறித்துக்கொண்டான். எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: தகட்டை ஏதோ மூடுகிறது.

மூடுகிறது என்றால் பகலில் போய்ப் பார்க்கவேண்டும். ஸ்டான்லியும் போனில் அதையே சொன்னார்: "தம்பி, ஒரே ஒரு நாள் லீவு போட்டு, பன்னெண்டு மணிக்கு வண்டிகிட்ட வந்து நில்லுங்க. மிச்சத்த அப்பால பேசிக்கலாம்."

மோகன் ராமானுஜத்தின் அறைக்குப் போனான்.

"சார், புதன்கிழமை ஒருநாள் லீவு வேணும்."

"எதுக்கு?"

"வண்டியைப் பார்க்கணும் சார். கடற்கரையிலிருந்து வேலை பார்க்கறதுக்கு வாங்கின வண்டி."

"லீவே எடுக்காம வேலை பார்க்கத்தானே அந்த வண்டி?"

"ஆமாம் சார்."

"அப்ப அதுக்கு எதுக்கு லீவு?"

மோகனுக்கு இதில் ஒரு பிழையும் தென்படவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தான். நியாயமான மனிதர் என்று ரயிலில் நினைத்துக்கொண்டான். சுதந்திரத்துக்காக இரவு பகலாகப் பாடுபடுகிறவனுக்கு, அது எப்படி இருக்கிறது என்று பட்டப்பகலில் போய்ப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் உள்ள கஷ்டம்தான் இது.

அந்தத் திங்கட்கிழமை வந்தது.

முந்தைய நாள் ஞாயிறு என்பதால் பேட்டரி நூறு. விடியற்காலை ஐந்து மணிக்கே சூரியரதம் புறப்பட்டது. முன்சீட்டில் ஜெயப்பிரியா. பின்னால் வேண்டா, துணியால் மூடிய பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு.

"இன்னாம்மா அது?"

"நீ ரோட்டப் பாருடா நைனா."

படாளம் போய், செங்கல்பட்டு போய், கொளவாய் ஏரி பளபளப்பதைப் பார்த்துத் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியதும் ஒரு மாமல்லபுரம் பஸ் ஹாரன் அடித்தபடி அவர்களைத் தாண்டியது. கண்டக்டர் படியில் நின்றபடி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாகக் கையாட்டினார்.

"பாத்தியா ஜெயா? வண்டிக்கு இன்னா மரியாத."

ஜெயப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று மோகன் எடுத்துக்கொண்டான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குடியிருப்பைத் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு. அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் அணுவைப் பிளந்து ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிறார்கள். மோகன் அந்தத் திசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிழலை விட்டு வெட்டவெளியில், சூரியனுக்கு நேராக வண்டியை நிறுத்தினான்.

"நெழல்ல நிறுத்தேண்டா, மண்ட பொளக்குது" என்றாள் வேண்டா.

"வெயில்தாம்மா நம்ம கரண்ட்டு."

"அதுவும் சரிதான்" என்றாள் வேண்டா. டப்பைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள்.

மோகன் அதைக் கவனிக்கவில்லை. 'சூரியன் சுட்ட முதல் தோசை' என்ற தலைப்பில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மின்சார அடுப்பில் ஆறு தோசை வார்த்ததும் மீட்டர் நாற்பதுக்கு இறங்கியது. பரவாயில்லை, பத்து மணிக்குள் சூரியன் ஈடுகட்டிவிடும் என்று கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு.

பத்து அடித்தது. சட்டை, டை, கீழே கைலியோடு மோகன் மடக்கு மேசை முன் அமர்ந்தான். கம்பெனி கொடுத்த லேப்டாப். அதன் சொந்த பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது, ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடும். கூடவே ஒரு பெரிய திரை, முகத்துக்கு வட்ட விளக்கு, விசிறி, தயிர் வைத்த ஃபிரிட்ஜ். திரையில் பதினாறு சதுரங்களில் பதினாறு முகங்கள். நடுச் சதுரத்தில் ராமானுஜம்.

"மோகன், பின்னாடி இருக்கிறது நிஜக் கடலா, படமா?"

"நிஜம் சார்."

"சத்தம் வருதே. மியூட் பண்ணுங்க."

"என்னையா சார்?"

"கடலை."

மோகன் எழுந்து கதவைச் சாத்தினான். கடலை முடிந்தவரை மியூட் செய்தாயிற்று. 'எங்கிருந்தும் பணி: ஒரு வெற்றிக் கதை' என்ற தன் உரையைத் தொடங்கினான். அப்போது ஓரக்கண்ணில் மீட்டர் பட்டது.

இருபத்து ஆறு. சூரியன் அனுப்புவது: பூஜ்யம்.

வெளியே உச்சி பிளக்கிற வெயில். மோகன் பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் ஸ்டான்லிக்குச் செய்தி அனுப்பினான்: 'பூஜ்யம். இன்று திங்கள். கிழமை விளைவு கடற்கரைக்கும் வந்துவிட்டது.'

உடனே பதில் வந்தது: 'மேல ஏறுங்க தம்பி.'

'மீட்டிங்கில் இருக்கிறேன்.'

'மீட்டிங்கோட ஏறுங்க.'

பதினேழு. பன்னிரண்டு. "ஆகவே நண்பர்களே, இயற்கையோடு இணைந்த இந்த ஏற்பாட்டில், தடை என்பதே..."

"கீங்... கீங்... கீங்..."

பதினாறு முகங்களும் நிமிர்ந்தன. "என்ன அது, ஆம்புலன்ஸா?" என்றார் ராமானுஜம்.

"கடற்பறவை சார்."

இனி யோசிக்க நேரமில்லை. இருபத்து நாலு வருஷ ரயில் கண்முன்னே வரிசையாக ஓடியது. நீள ஒயரோடு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு மோகன் வெளியே ஓடினான். ஏணியின் அகலப் படிகளில் ஏறினான். கூரைக்கு மேலே தலை நீட்டினான். திங்கட்கிழமைக் காலையில், தன் வண்டியின் கூரையை, வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தான்.

இடதுபக்கத் தகட்டின்மேல் அவன் அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி, அதன்மேல் வரிசை வரிசையாக மோர்மிளகாய். வலதுபக்கத் தகட்டின்மேல் இன்னொரு வேட்டி, அதன்மேல் கூழ்வடகம். நடுவில் சம்மணமிட்டு வேண்டா, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்துடா. மிதிச்சிடப் போற."

அவன் கையிலிருந்த லேப்டாப் வழியாகப் பதினாறு பேரும் அதைப் பார்த்தார்கள். ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மோகன், அது மோர்மிளகாயா?"

"...ஆமாம் சார்."

"சுண்டைக்காய் வத்தல் இருக்கா?"

"யாரு நைனா அது?" என்று வேண்டா திரையை நோக்கிக் குனிந்தாள். "சுண்டக்கா போன வாரமே தீந்துடுச்சி. அடுத்த வாரம் போட்டுத் தர்றேன்."

"சரிங்கம்மா" என்று ராமானுஜம் சொல்லும்போதே 'கீங்' நின்றது. விசிறி நின்றது. திரை இருண்டது. சுதந்திரம் இருபத்தெட்டு நிமிடம் நீடித்திருந்தது.

போன் அடித்தது. "அனுமதி ரத்து. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு உங்க சீட்ல இருக்கணும்" என்றார் ராமானுஜம். கொஞ்சம் நிறுத்தி, "வரும்போது அந்த மோர்மிளகாய் அரைக் கிலோ" என்றார்.

மோகன் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினான். கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"ஏம்மா, பலகை எழுதி வெச்சிருக்கேன்ல? சூரியனின் சொத்துன்னு?"

"அதனாலதாண்டா அங்க போட்டேன்" என்றது மேலிருந்து வேண்டாவின் குரல். "வெயிலு அங்கதான நேரா வுழுது. நாய் வராது, ஆடு வராது. நீ வேற யாரும் கை வெக்கக்கூடாதுன்னு எழுதிட்ட. கண்ணாடிச் சூட்டுல ஒரே வெயில்ல சுக்கா காஞ்சிடுது. ஞாயித்துக்கெழம மட்டும் நீ மேல ஏறி நின்னுகினு எடம் வுட மாட்டேங்குற."

கிழமை விளைவு முழுமையாக விளக்கப்பட்டுவிட்டது. ஜெர்மானியருக்கு யார் எழுதுவது என்பதுதான் பாக்கி.

ஜெயப்பிரியா அலையோரம் நின்றிருந்தாள், சுடிதார் காலைச் சுருட்டிவிட்டு. மோகன் கைலியும் டையுமாக மணலில் நடந்து அவளிடம் போனான்.

"ஜெயா, உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலருந்து?"

"மொத நாள்லருந்து. நான்தான கூழ் காய்ச்சறேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"டெக்னிக்கல்னு சொன்னியே மாமா."

அவன் டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, சவுக்குத் தோப்புப் பக்கமிருந்த மீன் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஓர் அம்மாள் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். கடைப் பலகையில் 'பூங்கொடி மெஸ்' என்று இருந்தது. மோகனை அவள் கண்டுகொள்ளவில்லை.

"இன்னா ஜெயா, இன்னிக்கி பஸ்ல வரலயாமே? கண்டக்டர் வந்து சொல்லிட்டுப் போனாரு. அத்த எங்க? வடகம் காஞ்சிடுச்சா?"

"மேல கீறாங்கக்கா. மொளகாய்க்கு இன்னும் ஒரு வெயில் வேணுமாம்."

பூங்கொடி வண்டியை நோக்கிப் போய், பழக்கப்பட்டவள்போல ஏணியில் ஏறினாள். மோகன் அவளைப் பார்த்தான், கடையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"இவங்களுக்கு உன்ன எப்படித் தெரியும்?"

ஜெயப்பிரியா காலில் ஏறிய அலை இறங்கும்வரை காத்திருந்தாள்.

"இவங்க கடைக்கு வடகம் போடறது நாங்கதான் மாமா, நீ என்னக் கடலுக்குக் கூட்டிகினு வர்றதுக்காக அந்த பேட்டரிய நோண்டிகினு இருந்த ஆறு மாசத்துல, நானும் அத்தையும் எட்டு தடவ பஸ்ல வந்து கால நனைச்சிட்டுப் போயிட்டோம்."